தண்ணீர் குடித்த எலிகள்

புரட்டாசி 18, வெள்ளி

அவையோரே! அன்னையரே! ஆலையில் உழைத்து ஓய்ந்த தோள்களே! உங்கள் வீட்டில் ஒருவர் காலையில் உண்டதை நண்பகலில் மறக்கிறார். பெற்ற மகளின் பெயரைத் தேடித் தடுமாறுகிறார். நாளை உங்கள் முகத்தையே பார்த்து, நீ யார் என்று கேட்பார். அதற்கு அல்சைமர் என்று பெயரிட்டார்கள். தீராது என்று தீர்ப்பும் எழுதினார்கள். நம் வரப்போரத்து வல்லாரையை எவரேனும் ஒரு முறை எடுத்து ஆராய்ந்தார்களா? ஆராயாமலே ஒதுக்கினார்கள்! ஆராயாமல் ஒதுக்கியது அறமா? அறிவா?

இதுவரை எழுதிப் பார்த்தேன். ஐப்பசி ஐந்தாம் நாள் திருவெறும்பூர்க் கடைத்தெரு மேடையில் இதையே முழங்கப் போகிறேன். பேச்சை முதலில் நாட்குறிப்பில் எழுதி, வாய்விட்டுப் படித்து, மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வெட்டுவது கல்லூரியில் தமிழ் கற்பித்த நாள் முதல் என் வழக்கம். இம்முறை வெட்ட ஒன்றுமில்லை. எங்கள் மூலிகை ஆய்வு அறக்கட்டளை, தலைவியாகிய என் பொறுப்பில், வல்லாரையும் துணை மூலிகைகளும் சேர்த்து ஒரு வடிசாறு இறக்கியிருக்கிறது. நோயுற்ற சுண்டெலிகளுக்கு அதைப் புகட்டிச் சோதிக்கிறோம். ஆராயாமல் பேசினாள் என்று எவனும் என்னைச் சொல்ல முடியாது.

காலையில் நீர்த்தொட்டி கழுவினேன். அரிசியில் வண்டு, மாடியில் கொட்டிக் காயவைத்தேன். என் கணவர் இராசமாணிக்கத்துக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். கொதிகலன் ஆலையில் பொருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு மருத்துவர் அவருக்கும் அதே பெயரைச் சூட்டி, மாத்திரை எழுதித் தந்தார். வடிசாறு கொடுக்கத் தொடங்கியதும் அந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். ஓர் உடம்பில் ஈராட்சி கூடாது.

இன்று கிண்ணத்தை நீட்டியபோது ஒரு மிடறு விழுங்கி முகம் சுளித்தார்.

"என்ன சிஸ்டர், கழனித் தண்ணியப் புடிச்சுக் குடுக்குறீங்க? டாக்டர் பாத்தா உங்கள வைய மாட்டாரா?"

"சிஸ்டரா? நல்ல பட்டங்க."

"பின்ன? வெள்ளச் சீலை கட்டலேன்னா தெரியாதாக்கும்."

அவருடைய கேலிக்கு மட்டும் வயதாகவே இல்லை.


புரட்டாசி 20, ஞாயிறு

ஆய்வுக்கூடம் எங்கள் தெருவிலிருந்து பேருந்தில் இரண்டு நிறுத்தம். அதைப் பொறுப்பேற்று நடத்துபவர் முனைவர் அமலி. கூர்த்த மதியும் அதனினும் கூர்த்த நாவும் உடையவர். அவருக்குத் துணையாக எலிகளைப் பேணுபவன் தனபால். ஞாயிறென்றும் பாராமல் இருவரும் வேலையில் இருந்தார்கள்.

சோதனையை இன்றுதான் என் கண்ணால் கண்டேன். அதன் எளிமை என்னை ஈர்த்தது. ஒரு சதுரப் பெட்டி. அதனுள் மணல் நிரப்பிய இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றைப் போலவே மற்றொன்று. எலியை உள்ளே விட்டுச் சற்று உலாவ விடுகிறார்கள். மறுநாள் ஒரு குப்பியை எடுத்துவிட்டு, அங்கே புதிய பொருள் ஒன்றை வைத்து, மீண்டும் விடுகிறார்கள். நலமான எலி பழைய குப்பியை ஒரு முகர்வோடு கடந்துவிடும். புதியதையே சுற்றிச் சுற்றி வரும். உன்னை நேற்றே பார்த்தேன், போ, இவன் யார்? இவ்வளவுதான் கேள்வி. எலி வாய் திறந்து விடை சொல்லாது. அதன் மூக்கு எதன்முன் நெடுநேரம் நிற்கிறது என்பதே விடை. மேலே ஒரு படக்கருவி அனைத்தையும் பதிந்துகொள்கிறது.

இங்குள்ளவை மாந்தருக்கு வரும் மறதிநோயின் மரபணுவை ஏற்றிப் பிறப்பித்த எலிகள். ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். மறு கூட்டத்துக்கு நம் வடிசாறு. இன்று தண்ணீர்க் கூட்டத்தின் முறை. புதிய பொருளாக மஞ்சள் நிற விளையாட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று செருகிக் கோபுரம்போல் வைத்திருந்தார்கள். பாவம் அந்த உயிர்கள்! நேற்று முகர்ந்த குப்பியை இன்றுதான் கண்டதுபோல் முகர்ந்தன. கோபுரத்தையும் அதே ஆவலோடு முகர்ந்தன. அவற்றுக்கு உலகில் எல்லாமே இன்று முளைத்தவை. பார்க்க என்னவோ போலிருந்தது. வெளியே வந்து சற்று நின்றேன்.

அமலி தேநீர் தந்தார்.

"சாறு குடிச்ச எலிங்கள பூஜை லீவு முடிஞ்சு பாத்துக்கலாம்மா. அப்ப தண்ணிக் கூட்டத்துல நான் ஒதுக்கி வெச்சிருக்கறதையும் சேத்து, ஒரே நாள்ல மாத்தி மாத்தி விடணும். எது எந்த எலின்னு பாக்கற ஆளுக்கே தெரியக் கூடாது. அதான் மொறை."

"தண்ணீர்க் கூட்டம் தோற்றதை இப்போதுதானே கண்டோம்? செத்தவனை மறுபடி ஏன் சாகடிக்க வேண்டும்? ஐப்பசி ஐந்தாம் நாள் கூட்டம். சுவரொட்டி அச்சுக்குப் போய்விட்டது. வெள்ளி பழக்கி, சனி சோதித்துவிடுங்கள். அறிவியலுக்கு விடுமுறை ஏது?"

"அம்மா, கூட்டத்துக்குத் தேதி வெச்சிட்டு எலிகிட்ட ரிசல்ட் கேக்குறீங்க."

"கேட்போம். கொடுக்கும்."

இறுதியில் என் சொல்லே நின்றது. நிற்காமல் எங்கே போகும்?


புரட்டாசி 22, செவ்வாய்

எரிவளி உருளை தீர்ந்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் கஞ்சி. அவர் இரண்டு முறை உண்டார். பசி திரும்பியது நல்ல குறி.


புரட்டாசி 23, புதன்

நான் காய்கறிக்குப் போயிருந்த வேளையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு அங்கயற்கண்ணி கண்டு அழைத்து வந்தாள்.

"டீச்சர், சார் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு லேட்டாச்சுன்னு கத்துறாரு. பஸ்ஸுக்காரன் கிட்ட சண்ட. வேட்டிய வேற தலைகீழா கட்டியிருக்காரு."

உழைத்தவனுக்கு உழைப்பின்மேல் உள்ள பற்று எளிதில் விடுமா? வாயிற்கதவுக்கு உள்பக்கம் ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். அது திருடர்களுக்காகவும்தான்.

அங்கயற்கண்ணியின் மாமியாருக்கும் இதே நோய். வடிசாறு கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சனிக்கிழமை வரை பொறு என்றேன்.


புரட்டாசி 25, வெள்ளி. ஆயுத பூசை

நான் கடவுளை வணங்காதவள். ஆயினும் ஆண்டுக்கொரு நாள் தன் கருவியைத் துடைத்துப் பொட்டிட்டு நன்றி சொல்லும் தொழிலாளியின் பண்பை ஒருநாளும் பழித்ததில்லை. இன்று அதன் பயனை என் வீட்டிலேயே கண்டேன். மகிழ்ச்சியில் எழுதுகோல் ஓடுகிறது.

வீட்டில் தனியே விட மனமின்றி அவரையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். அமலி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வடிசாற்று எலிகளைக் குப்பிகளோடு பழக்கிக்கொண்டிருந்தார். வெளியே தனபால் பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். பொரி, கடலை, வாழைப்பழம், குழைத்த சந்தனம், குங்குமம். சந்தனக் கிண்ணத்தைக் கண்டதும் என் கணவர் நிமிர்ந்தார். ஒரு மாதமாக நான் காணாத நிமிர்வு அது!

"தள்ளுடா தம்பி. நீ வெக்கிற பொட்டு அம்மத் தழும்பு மாதிரி இருக்கு. இப்புடிக் கொண்டா."

"சார், நீங்க ஒக்காருங்க, நான் வெக்கிறேன்."

"ஒக்காரவா? ஷாப்புல முப்பது வருசம் நாந்தான்டா வெப்பேன். ஒரு ஸ்பேனர் விட்டுப்போனாலும் அன்னைக்கு பூரா அது கோவிச்சுக்கும், கைய விட்டு நழுவும்."

பிறகு அவர் கை நின்றதே இல்லை. எடைபார்க்கும் கருவிக்குப் பொட்டு. படக்கருவியின் காலுக்குப் பொட்டு. குழாய்க்கு, மின்பொத்தானுக்கு, மேசைமேல் நாளைக்கென்று கழுவி வைத்திருந்த மஞ்சள் கட்டைகள் ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒன்று, செருகும் குழியில் ஒன்று. மோதிர விரலால் சந்தனம், அதன் நடுவே கடுகளவு குங்குமம். நடுக்கமில்லை, பிசகில்லை, ஒன்றையும் விடவில்லை.

"சார், எலிக்கும் வெக்கணுமா?" தனபால் கண்ணைச் சிமிட்டினான்.

"எலி என்னடா மிஷினா? அது லேபரு. லேபருக்குப் பொரி குடு."

கூடம் முழுதும் சிரித்தது. நான் சிரித்து முடிக்க நேரமாயிற்று. மறந்தவனுக்கா இந்த விடை வரும்? வடிசாறு வேலை செய்கிறது! எலியைச் சோதிக்கும் முன்பே என் வீட்டுச் சோதனை வென்றது.

திரும்பும் வழியில் பேருந்தில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "நல்ல மனுசங்க. எங்க வீட்டுக்காரியையும் கூட்டியாந்திருக்கலாம்."

பேருந்தில் இரைச்சல் மிகுதி.


புரட்டாசி 26, சனி

வென்றோம்! வென்றோம்! வென்றோம்!

வடிசாறு குடித்த எலிகள் பழைய குப்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் கோபுரத்தின் முன் போய் நின்றன, ஏறின, மீசை துடிக்க முகர்ந்தன. ஒன்றிரண்டல்ல, அத்தனையும்! தண்ணீர்க் கூட்டம் தடுமாறிய அதே பெட்டி. அதே குப்பி. அதே கோபுரம். மாறியது மருந்து ஒன்றே.

தனபால் காலையிலேயே கட்டைகளின் பொட்டுகளை எரிசாராயம் தோய்த்த துணியால் துடைத்து வைத்திருந்தான். துடைத்தாயிற்றா என்று அமலி இரண்டு முறை கேட்டுவிட்டே தொடங்கினார். அத்தனை ஒழுங்கு.

ஆனால் முடிவைக் கண்ட அமலி முகத்தில் மலர்ச்சியில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்குமா."

"அதற்கு ஏன் இந்த முகம்?"

"அதான் பயமா இருக்கு. சொகமான எலிகூட இப்புடி ஓடாது."

சிலருக்கு வெற்றியும் ஒவ்வாமை. கூட்ட ஏற்பாட்டைக் கவனிக்கும் அறக்கட்டளைச் செயலர் திருமேனியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் போட்ட கூச்சலில் என் காது இன்னும் இரைகிறது.


புரட்டாசி 28, திங்கள்

சுவரொட்டி ஒட்டியாயிற்று. மறதிக்கு மருந்து கண்டது தமிழ்! என் பெயர் அதன்கீழ் முழ நீளத்துக்கு நிற்கிறது. ஒட்டியவன் எங்கள் மதிற்சுவரையும் விடவில்லை.

என் கணவர் அதன்முன் நெடுநேரம் நின்றார். படத்தில் இருப்பவரைச் சுட்டி, "இந்தம்மா நல்லாப் பேசும். நான் கேட்டிருக்கேன்," என்றார்.

"நான்தாங்க அது."

என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருமுறை பார்த்தார். எனக்கு எவ்வளவு நேரமோ, சுவருக்கும் அவ்வளவே.

அச்சில் என் முகம் கறுத்து விழுந்துவிட்டது. அடுத்த முறை வேறு படம் தர வேண்டும்.


புரட்டாசி 30, புதன்

வீட்டு வாயிலில் நாள் முழுதும் மக்கள். துவாக்குடியிலிருந்தும் இலால்குடியிலிருந்தும் வந்திருந்தார்கள். தாயை, தந்தையை, கணவனைக் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். புட்டியில் வடிசாறு நிரப்பிக் கொடுத்துக் கை ஓய்ந்தது.

அங்கயற்கண்ணி கடைசியாக வந்தாள்.

"டீச்சர், மாமிக்கு ஆசுபத்திரி மாத்திரையும் ஓடுது. ரெண்டையும் குடுக்கலாமா? இல்ல, அத நிறுத்திரட்டா?"

"நான் நிறுத்தினேன்."

"நீங்களே நிறுத்திட்டீங்களா? அப்ப சரி." அவள் முகத்திலிருந்து ஒரு மலை இறங்கியதைக் கண்டேன். "சாருக்கு இப்ப எப்புடி இருக்கு டீச்சர்?"

"மேலாக இருக்கிறது."

அந்நேரம் அவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "சிஸ்டர், விசிட்டிங் டைம் முடிஞ்சிச்சா, இல்லையா?"

அங்கயற்கண்ணி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.


ஐப்பசி 1, வெள்ளி

அமலி அழைத்தார். உடனே வாருங்கள் என்றார். போனேன்.

நான் வேண்டாமென்று தள்ளிய சோதனையை அவர் எனக்குச் சொல்லாமல் செய்துவிட்டார். தண்ணீர் மட்டுமே குடித்த எலிகளில் தாம் ஒதுக்கி வைத்திருந்தவற்றைக் குப்பிகளோடு பழக்கி, மறுநாள் அதே மஞ்சள் கோபுரத்தை வைத்து விட்டிருக்கிறார். பதிவான படத்தை ஓட்டிக் காட்டினார். நோயுற்ற எலி, ஒரு துளி மருந்தறியாத எலி. நேரே கோபுரத்துக்குப் போய் நின்றது. அடுத்ததும் அவ்வாறே. அதற்கடுத்ததும்.

"தண்ணி குடிச்ச எலிக்கும் ஞாபகம் வந்துருச்சும்மா. இப்ப என்ன, தண்ணிக்கும் போஸ்டர் ஒட்டலாமா?"

என் குரல் உயர்ந்தது. என் அனுமதியின்றி எவ்வாறு செய்தீர் என்றேன். அயலார் கைக்கூலியா என்றேன். தமிழ் மருந்து வெல்வது உமக்குப் பொறுக்கவில்லையா என்றேன். கண்ணாடிகள் அதிர்ந்தன. அமலி கைகட்டி நின்று கேட்டார்.

"முடிஞ்சுதா? இது மேடை இல்லம்மா. கையத் தட்ட இங்க எலிதான் இருக்கு." ஒரு மஞ்சள் கட்டையைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். "மோந்து பாருங்க."

எனக்குச் சளி பிடித்திருக்கிறது.

"குழிக்குள்ள பாருங்க. வெளியத் தொடச்சான் தனபாலு. செருகுற குழிய யாரு தொடச்சா? நமக்கு அது பூஜ வாசன. எலிக்கு அது ஊரக் கூட்டுற வாசன. குப்பியும் கட்டையும் அதுக்குக் கணக்கே இல்ல. சந்தனம் எங்க இருக்கோ அங்க போச்சு. அவ்ளோதான். நான் நின்னு பாத்திருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு."

குழியில் வெளிர்மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. மோதிர விரல் நுனி அளவு.

பிரிக்காத பெட்டியிலிருந்து வேறு பொருள் எடுத்து, வடிசாற்று எலிகளை நேற்று மீண்டும் விட்டதாகச் சொன்னார். அந்தப் படத்தையும் ஓட்டினார். குப்பியை முகர்ந்தன. புதியதையும் முகர்ந்தன. ஒரே ஆவலோடு.

தண்ணீர்க் கூட்டத்துக்கும் நம் கூட்டத்துக்கும் ஒரு முடியளவு வேறுபாடும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.


ஐப்பசி 2, சனி

போர்வைகளைத் துவைத்தேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.


ஐப்பசி 3, ஞாயிறு

திருமேனி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

"பேராசிரியரம்மா, மேடை போட ஆள் வந்துட்டான். மைக் செட்டு சொல்லியாச்சு. சந்தனம் கிந்தனம்னு கூட்டத்துல யாருக்குத் தெரியப் போவுது? எலி போயி சாட்சி சொல்லுமா?"

"அமலி சொல்வார்."

"அத நான் பாத்துக்கறேன். நீங்க எப்பயும் போலப் பேசுங்க. தெய்வமே, ஒரு கீரை யாரைக் கொல்லப் போவுது? நல்லதுதானே?"

அந்தக் கேள்வி என்னை இழுத்தது, மறைக்க மாட்டேன். கீரை யாரைக் கொல்லும்? விடை தேடிக்கொண்டிருந்தபோது என் கணவர் அறையிலிருந்து வந்து, திருமேனியை வணங்கி, என் பக்கம் கைகாட்டினார்.

"சார், இந்த சிஸ்டர் தங்கமானவங்க. ஆனா ஒரு கம்ப்ளைண்ட். எங்க வீட்டுக்காரிக்குத் தகவல் சொல்லச் சொல்லி எத்தன நாளா கேக்குறேன், சொல்லவே மாட்டேங்குறாங்க. அவ தேடுவா சார். பேசிப் பேசி ஊரக் கூட்டிருவா."

திருமேனி சிரித்துவிட்டு, என் முகம் கண்டு நிறுத்தினார்.

கேலி என்று எழுதினேன். பசி என்று எழுதினேன். இரைச்சல் என்றும் திருடர் என்றும் அச்சுப்பிழை என்றும் எழுதினேன். புரட்டாசி பிறந்தபோது அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். மாத்திரையை நிறுத்தியபின் ஒருமுறைகூட அழைக்கவில்லை. ஆயுத பூசையன்று சிறந்து நின்றது வடிசாறு அல்ல. முப்பதாண்டு பழகிய கை. கை மறக்காததைக் கண்டு, கண் மறந்ததை நான் காண மறுத்தேன்.

திருமேனியை வாயில் வரை கொண்டுபோய் விட்டேன்.

"கூட்டம் உண்டு. பேச்சும் உண்டு," என்றேன். அவர் மகிழ்ந்து போனார்.


ஐப்பசி 4, திங்கள்

அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நெடிய வரிசை. அவர் வரிசையில் நின்ற அனைவருக்கும் வணக்கம் சொன்னார்; திரும்பி வந்து மீண்டும் சொன்னார்.

சென்ற ஆண்டு மாத்திரை எழுதித் தந்த அந்த மருத்துவர் இளையவர். என் பேச்சைப் பள்ளியில் கேட்டவராம். எழுந்து நின்றார். பிறகு எதிரில் அமர்ந்து கேட்டார்.

"ஏம்மா நிறுத்துனீங்க?"

"ஓர் உடம்பில் ஈராட்சி கூடாது என்று."

சொல்லும்போதே அது எவ்வளவு அழகான தொடர், எவ்வளவு வெற்றுத் தொடர் என்று கேட்டது என் காதுக்கு.

"இந்த மாத்திரை குணப்படுத்தாதும்மா. அத நான் அப்பவே சொன்னேன். ஆனா வழுக்குற ஆளக் கொஞ்ச நாள் புடிச்சு நிறுத்தும். திடீர்னு விட்டா சில பேரு சட்டுனு எறங்கிடுவாங்க."

"போனது திரும்புமா?"

"கொஞ்சம் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். உடனே ஆரம்பிச்சாதான் அதுவும். கொறஞ்ச அளவுல இருந்து மறுபடி மெல்ல ஏத்தணும். அவங்கவங்க டாக்டர்கிட்ட கேக்காம பழைய அளவ அப்புடியே குடுத்துரக் கூடாது."

உடனே. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வந்தேன். மாலையில் முதல் மாத்திரை கொடுத்தேன். "தேங்க்ஸ் சிஸ்டர்," என்றார். பிறகு அமலியை அழைத்து, நாளை மேடையில் என் அருகில் அமர்வீரா என்று கேட்டேன்.

"எதுக்கு? திட்டறதுக்கா?"

"திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க. ஒலிபெருக்கியில்."

"சேலை கட்டிக்கிட்டு வரணுமா?" என்றார்.


ஐப்பசி 5, செவ்வாய்

கூட்டம் முடிந்து வந்ததும் எழுதுகிறேன். சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும்.

கடைத்தெரு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் புட்டி வாங்கிச் சென்றவர்கள் தம் பெரியவர்களோடு அமர்ந்திருந்தார்கள். அங்கயற்கண்ணி மாமியாரைத் தோளில் சாய்த்திருந்தாள். திருமேனி என்னை அறிமுகம் செய்து, மறதியை வென்ற மங்கை என்றார். கைதட்டல் அடங்கட்டும் என்று காத்தேன். பின் தொடங்கினேன்.

அவையோரே! அன்னையரே! நோயாளியின் கைப்பிடித்து வந்த பொறுமைகளே! உங்களுக்கு ஒரு தீங்கு நேர்ந்திருக்கிறது. அதைச் செய்தவரின் பெயரைச் சொல்லவே இந்த மேடை ஏறினேன். அந்தச் சுவரொட்டியைப் பாருங்கள். அதில் முழ நீளத்துக்கு நிற்கும் பெயர்தான்.

கூட்டம் சிரித்தது. ஏதோ சொல்லணி என்று நினைத்தது. நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அடங்கியது.

எலிகள் வல்லாரையால் நினைவு பெறவில்லை, தோழர்களே. சந்தன மணத்தைத் தேடிப் போயின. தண்ணீர் குடித்த எலியும் போயிற்று. இதோ இருக்கிறாரே முனைவர் அமலி, இரு கூட்டத்தையும் ஒரே நாளில் சோதிப்போம் என்று இவர் சொன்னார். கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டேன் என்று நான் மறுத்தேன். ஆராயாமல் ஒதுக்கியவர்களைப் பழிக்க வந்தவள், ஆராயாமல் ஏற்றுக்கொண்டேன். இரண்டும் ஒரே குற்றம். இவரை நான் கைக்கூலி என்றேன். உங்கள் முன்னால் இவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

"அப்ப மருந்து வேல செய்யாதா டீச்சர்?" பின்னாலிருந்து ஒருவர்.

செய்யுமா செய்யாதா என்று எனக்குத் தெரியாது. எவருக்கும் இன்னும் தெரியாது. தெரியும் என்று சொன்னதுதான் பொய்.

திருமேனி ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்துக் கையசைத்தார். ஒலிவாங்கி செத்தது. நான் ஒலிவாங்கி இல்லாத திடல்களில் பேசிப் பழகியவள். அதை ஓரமாக நகர்த்திவிட்டு, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தேன். கடைசி வரிசைத் தேநீர்க்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தார்.

என் கணவருக்கு நானே மாத்திரையை நிறுத்தினேன். அவர் இன்று என்னைச் செவிலி என்கிறார். தம் மனைவி எங்கே என்று என்னிடமே கேட்கிறார். கேட்கட்டும், நான் விடை சொல்லிக்கொண்டே இருப்பேன். அது என் வீட்டுக் கணக்கு. ஆனால் என் சொல்லைக் கேட்டு உங்களில் எத்தனை பேர் நிறுத்தினீர்கள்? கை தூக்குங்கள்!

ஒரு கை. மூன்று. பிறகு எண்ண இயலவில்லை. தூக்கிய கைகளைக் கண்டு, தூக்கியவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

அறக்கட்டளையே, கேள்! கதவைத் திறந்து வைத்து, அமலி சொன்ன முறையில், இரு கூட்டத்தையும் மீண்டும் சோதி. அதுவரை ஒரு துளி வடிசாறும் உன் வாயிலைத் தாண்டக் கூடாது. தோற்றால் தோற்றோம் என்று இதே மேடையில் சொல்வோம். வென்றால் அன்று முழங்குவோம்.

மக்களே, நீங்கள் செய்ய வேண்டியது நாளைக்கல்ல. நான் பேசி முடிக்கும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். நிறுத்திய மாத்திரையை எவ்வாறு மீண்டும் தொடங்குவது என்று உங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும், நீங்களாகக் கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனை அடுத்த தெருவில் இருக்கிறது. அங்கே விளக்கு எரிகிறது. அங்கயற்கண்ணி, முதலில் உன்னைத்தான் சொல்கிறேன். நீ என்னை நம்பினாய். எழுந்திரு. மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடி. கைதட்டாதே, அழாதே, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. வழி விடுங்கள் அவளுக்கு! மற்றவர்களும் எழுந்திருங்கள். இப்போதே போங்கள்!